சிதம்பரத்தில் லண்டன் கார்டு

பேங்க்கில் வேலை பார்ப்பவளுக்கு உலகத்துப் பணம் எங்கே போகிறது, எங்கேயிருந்து வருகிறது என்பதெல்லாம் அத்துப்படி என்று நினைப்பவர்களை நான் ஒருநாளும் திருத்தியதில்லை. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. (யாருக்குத்தான் பிடிக்காது?) நான் வேலை பார்த்தது கடலூரை ஒட்டிய ஒரு சின்னக் கூட்டுறவு வங்கியில். உரக் கடனுக்கு ரசீது எழுதுவது என் வேலை. அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டருக்கு உறை போட்டு, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டோடு அப்படியே விட்டிருந்தோம். ஒரு ஏ.டி.எம். கார்டைக் கூட நான் தொட்டுப் பார்த்ததில்லை. ஆனாலும் சொந்தக்காரர் கூட்டத்தில் யாராவது கார்டு என்று வாயெடுத்தால், "அது வந்து..." என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்துவிடுவேன்.

2008இல் என் தம்பி குமரனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் சிதம்பரம். கல்யாணத்துக்காக வசந்தா அக்காவும் மாமாவும் லண்டனிலிருந்து வந்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் இறங்கினார்கள். கூறைப்புடவை தன் செலவு என்று அக்கா ஏற்கெனவே அறிவித்திருந்தாள். சிதம்பரம் கடையில் பெண் வீட்டாரோடு சேர்ந்து எடுப்பதாக ஏற்பாடு.

புடவை எடுக்கக் குறித்த அன்றைக்குப் பார்த்து அக்கா எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டாள். மூன்று வருஷமாகக் கண்ணில் காணாத வாழைக்காய் பஜ்ஜியை முதல் நாள் ஒரே மூச்சில் பதினொன்று சாப்பிட்டதன் பலன். மாமாவோ பத்திரிகை வைக்கத் திட்டக்குடி பக்கம் போயிருந்தார். அக்கா படுத்தபடியே ஒரு கார்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"மல்லி, இத எடுத்துக்கினு போயிட்டு வந்துடு. என் கையெழுத்தப் போட்டுடு. நம்ம ரெண்டு பேருதும் ஒரே கோணக் கையெழுத்துதான?"

"கார்டுல ஒன் பேரு இருக்கேக்கா?"

"பேங்க்ல இருக்குற, ஒனக்குத் தெரியாதா?"

அந்த ஒரு கேள்விக்காகவே கார்டை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அதோடு நாலு எண்கள் கொண்ட ரகசிய நம்பர் ஒன்றையும் காதோடு சொல்லி, "அங்கல்லாம் இத அமுக்குனாதான் காசு போவும். யாருகிட்டயும் சொல்லிடாத" என்றாள். பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும்வரை அந்த நம்பரை மந்திரம் போல முணுமுணுத்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எனக்கு வேண்டுதல் என்று நினைத்து, எழுந்து ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார்.

தெற்கு வீதியில் கடை. மணப்பெண் சுதாவும் அவளுடைய அத்தையும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். நான் கார்டு என்று சொன்னதுமே கடையில் எங்களுக்குப் பன்னீர் சோடா வந்தது. டேபிள் ஃபேனை எங்கள் பக்கம் திருப்பினார்கள். மூன்று மணி நேரம் புரட்டி, அத்தையும் நானுமாக ஓர் அரக்குப் புடவையைத் தேர்ந்தெடுத்தோம். பதினெட்டாயிரம் ரூபாய். ஜரிகை பாரத்தில் அதை மடிக்கவே இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

கல்லாவில் கண்ணாடிக்குக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த மேனேஜர், கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஃபாரின் கார்டா மேடம்? மெஷின் வந்து ரெண்டு மாசம்தான் ஆவுது. இங்க வர்ற மொத ஃபாரின் கார்டு இதான்."

கார்டை ஒரு தேய்ப்புத் தேய்த்தார். மெஷின் டெலிபோன் ஒயர் வழியாகக் கீச்சென்று கத்தி யோசிக்க ஆரம்பித்தது. நான் விரலை நீட்டித் தயாராக நின்றேன்.

"எதுக்கு மேடம் கைய நீட்டுறீங்க?"

"நம்பர் அமுக்கணும்ல?"

"நம்பர்லாம் கேக்காது மேடம். கையெழுத்துதான்."

எனக்குச் சந்தேகம் தட்டியது. அக்கா அவ்வளவு சொல்லியிருக்கிறாள். நம்பர் கேட்காத மெஷின் என்ன மெஷின்? சுற்றிலும் நின்றவர்கள் என்னையே பார்த்தார்கள். பேங்க்காரி விட்டுக்கொடுக்க முடியுமா? "நம்பர் இல்லாம காசு எப்பிடிங்க போவும்? எழுதிக்குங்க, நாலு, ஒண்ணு, ஏழு, ஏழு" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். புடவை மடித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, "நாலு, ஒண்ணு, ஏழு, ஏழு, சார்" என்று மேனேஜருக்கு எடுத்துக் கொடுத்தாள்.

மெஷின் கடைசியில் ஒரு துண்டுச் சீட்டைத் துப்பியது. அதில் பணம் வந்ததாக இல்லை. பேங்க்கைக் கூப்பிடச் சொல்லியிருந்தது.

கார்டின் பின்பக்கம் ஒரு நம்பர் இருந்தது. "ஐ.எஸ்.டி. மேடம், ஜாஸ்தி ஆவும்" என்று முனகிக்கொண்டே மேனேஜர் போட்டுக் கொடுத்தார். ரிசீவரில் பத்து நிமிஷம் பியானோ ஓடிய பிறகு ஓர் ஆண் குரல் வந்தது. தான் ஸ்டீவ் என்றும், பேசுவது வசந்தா தனசேகரா என்றும் ஆங்கிலத்தில் கேட்டது.

இல்லை, தங்கச்சி என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் மேனேஜர் முகத்துக்கு நேரே நிற்கிறார். கார்டில் இருக்கும் பெயருக்கு உரியவள் நான்தான் என்று அதுவரை தலையாட்டியாகிவிட்டது. "யெஸ், வசந்தா ஸ்பீக்கிங்" என்றேன்.

பின்னால் அத்தையின் குரல் கேட்டது. "ஏம்மா, ஒன் பேரு மல்லிகா இல்ல?"

ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "கார்டுல வசந்தாங்க" என்றேன்.

"ஊட்ல ஒரு பேரு, கார்டுல ஒரு பேரா?" என்று அத்தை சுதாவைப் பார்த்தார். பெண் கொடுக்கும் இடத்தைப் பற்றி அவருக்கு முதல் கவலை வந்தது அப்போதுதான்.

ஸ்டீவ் பிறந்த தேதியைக் கேட்டார். இது எனக்கு அல்வா சாப்பிடுவது போல. எங்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் தாமாகவே ஒரு தேதியை எழுதிக்கொண்டார். அக்காவுக்கு மே இரண்டு. அடுத்த வருஷம் எனக்கும் அதே மே இரண்டு. தயங்காமல் சொன்னேன். பிறகு, அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் என்ன பெயர் என்றார்.

"மங்கையர்க்கரசி."

"அது இப்போதைய பெயரா, கல்யாணத்துக்கு முந்தைய பெயரா மேடம்?"

எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. கல்யாணம் ஆனால் எங்கள் பக்கம் இனிஷியல் மாறும், பெயர் எதற்கு மாற வேண்டும்? "பிஃபோர் மேரேஜ் மங்கையர்க்கரசி. ஆஃப்டர் மேரேஜ் ஆல்சோ மங்கையர்க்கரசி" என்றேன். அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தார். அதுவும் சரியாக இருந்தது. நான் மேனேஜரைப் பார்த்துப் பெருமையாகக் கண்ணை மூடித் திறந்தேன்.

கடைசியாக ஒரே ஒரு கேள்வி என்றார் ஸ்டீவ். "ஆர் யூ அப்ராட் அட் தி மொமென்ட், மேடம்?"

அப்ராட் என்றால் எனக்குத் தெரியும். லால்பேட்டையிலிருந்து எங்கள் வங்கிக்கு வரும் பாய் ஒருவருக்கு மூன்று பிள்ளைகள் துபாயில். அதுதான் அப்ராட். அக்கா இருப்பது அப்ராட். நான் நிற்பது தெற்கு வீதி.

"நோ, நோ. நாட் அப்ராட்" என்றேன் உறுதியாக.

அவர் குரல் சற்று மாறியது. "அப்படியானால் வெளிநாட்டில் ஒரு கடையில் உங்கள் கார்டைப் பயன்படுத்தியது நீங்கள் இல்லையா?"

"அப்ராட் ஷாப்லாம் இல்ல... ஐ மீன், நோ அப்ராட் ஷாப். ஒன்லி சாரி."

"சாரியெல்லாம் வேண்டாம் மேடம். தவறு உங்களுடையது இல்லை. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

இவ்வளவு நல்லவரா என்று நான் நெகிழ்ந்து, இரண்டு முறை தேங்க்யூ சொல்லி வைத்தேன். "முடிஞ்சுது சார், இப்ப தேய்ங்க" என்றேன்.

மேனேஜர் தேய்த்தார். மெஷின் இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. உடனே இரண்டு வார்த்தை வந்தது. அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். "பிக்கப் கார்டு."

எடுத்துக்கச் சொல்கிறது, அவ்வளவுதானே? கார்டை எடுத்துக் கைப்பையில் போடப் போனேன். மேனேஜர் அதன் மறு முனையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், எங்கள எடுத்துக்கச் சொல்லுது!"

"என் கார்டு சார்! என்னத்தான் சொல்லுது!"

"மெஷின் எங்களுது மேடம்! எங்ககிட்டதான பேசும்?"

ஆளுக்கொரு முனையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றோம். அவர் விரல் பலம் வென்றது. கார்டை ஒரு கவரில் போட்டு நாலு பக்கமும் பின் அடித்து, கல்லாவுக்குள் வைத்துப் பூட்டினார். "யாரு கார்டோ அவுங்கள வரச் சொல்லுங்க" என்றார். யாரோ ஃபேனை அந்தப் பக்கம் திருப்பினார்கள். அத்தை தம் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார். எனக்கு வேர்வையில் புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் எங்கே தப்பு செய்தேன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. எல்லாப் பதிலையும் சரியாகத்தானே சொன்னேன்?

போன் போட்டதும், அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாடகைக் காரில் ஏறினாள். வந்து சேர ஒன்றே கால் மணி நேரம். தலையில் எண்ணெய் கூட வைக்காமல் வந்து நின்றவளைக் கண்டதும் மேனேஜருக்குக் குழப்பம் கூடிவிட்டது. "இவுங்கதான் வசந்தான்னா, அப்ப நீங்க யாரு?" என்றார் என்னிடம். அத்தை முந்திக்கொண்டு, "அதத்தான் நானும் மத்தியானத்துலேந்து கேட்டுக்கினு இருக்கேன்" என்றார்.

மறுபடி போன். இப்போது ஒரு பெண் குரல், பெயர் ரேச்சல். அதே சுத்தமான ஆங்கிலம். பிறந்த தேதி கேட்டாள். அக்கா பளிச்சென்று தை மாதக் கணக்குப்படி ஜனவரி இருபத்து மூன்று என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அய்யோ அக்கா, சர்ட்டிபிகேட் தேதியச் சொல்லு! மே ரெண்டு!"

"என் பொறந்த நாள் எனக்குத் தெரியாதாடி? கேக்கு வெட்டுறது யாரு?"

(லண்டனில் எல்லாப் படிவத்தையும் மாமாதான் நிரப்புவார். அக்கா கையெழுத்து மட்டும் போடுவாள். இது பிறகுதான் தெரிந்தது.)

"பேங்க்ல மே ரெண்டுதான் இருக்குது. நான் நீயா பேசுனப்ப அதான் சொன்னேன், ஒத்துக்கினான்!"

"நீ எதுக்குடி நானா பேசுன?"

"நீதான ஒன் கையெழுத்தப் போடச் சொன்ன?"

"கையெழுத்துதான போடச் சொன்னேன், பேசவா சொன்னேன்?"

மேனேஜர் இடையில் புகுந்து, "மேடம், அந்த ரகசிய நம்பரச் சொல்லிப் பாருங்க" என்றார். புடவை மடிக்கும் பெண் உடனே, "நாலு, ஒண்ணு, ஏழு, ஏழு" என்றாள்.

ரிசீவரிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு, பச்சைத் தமிழில், "மேடம், கொஞ்சம் ரெண்டு பேரும் கத்தாம இருக்கீங்களா?"

அக்கா பயந்துபோய் ரிசீவரை என் கையில் திணித்தாள்.

"நான் சென்னையிலேந்துதான் பேசுறேன். அந்த லண்டன் பேங்க்குக்குப் போடுற கால்லாம் எங்களுக்குத்தான் வரும். தமிழ்ல பேசக்கூடாதுன்னு ரூல், அதான் சும்மா இருந்தேன்" என்றாள் ரேச்சல். "எங்க சொந்தக்காரங்களும் பண்ருட்டிதான். ஒங்க நெலம எனக்குப் புரியுது. ஆனா இப்ப நான் ஒண்ணும் பண்ண முடியாது. மொதல்ல பேசுனவங்க நான் அப்ராட்ல இல்லன்னு சொல்லியிருக்காங்க. அப்ப கார்டு திருட்டுப் போயிடுச்சுன்னு அர்த்தம்."

"நான் சிதம்பரத்துலதாம்மா இருக்கேன்! இது எப்பிடி அப்ராடு?"

"மேடம், ஒங்களுக்கு லண்டன் அப்ராடு. லண்டன் பேங்குக்குச் சிதம்பரம் அப்ராடு."

அந்த நிமிஷம் வரை சிதம்பரத்தை அந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்ததே இல்லை. ரேச்சல் சொன்னதை நான் வாய்விட்டுத் திருப்பிச் சொன்னதும், கடையில் இருந்த அத்தனை பேரும், தாங்கள் வெளிநாட்டில் நிற்பதைக் கொஞ்ச நேரம் யோசித்தார்கள்.

"கார்டு பிளாக் ஆனது ஆனதுதான்" என்று ரேச்சல் முடித்தாள். "திரும்பப் போயி புதுசு வாங்கிக்கச் சொல்லுங்க. மறக்காம நம்பர மாத்தச் சொல்லுங்க. அது அங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு." பிறகு மறுபடியும் ஆங்கிலத்துக்குத் தாவி, இந்த நாள் இனிய நாளாக அமையட்டும் என்று வாழ்த்தி வைத்தாள்.

அக்கா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். என் பையில் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ரவிக்கைத் துணிக்கும் என்று அப்பா கொடுத்த ஐயாயிரம் ரூபாய் இருந்தது. அரக்குப் புடவை பெட்டிக்குள் இருந்து எங்களைப் பார்த்தது. அத்தை எதற்கோ வாயைத் திறந்தார். அப்போதுதான், காலையிலிருந்து பத்து வார்த்தை கூடப் பேசாத சுதா எழுந்தாள். அலமாரிக்குப் போய், அடியிலிருந்து மாம்பழ நிறத்தில் மெல்லிய கரை போட்ட ஒரு புடவையை உருவிக்கொண்டு வந்தாள். விலை நாலாயிரத்து இருநூறு.

"அண்ணி, காலையிலேந்து நான் இதத்தான் பாத்துக்கினு இருந்தேன். யாரும் கேக்கல" என்றாள். "அந்த அரக்கு என்னால தூக்கக்கூட முடியல. அத கட்டிக்கினு மணவறைய எப்பிடிச் சுத்துறது?"

அக்கா அவளை அப்படியே கட்டிக்கொண்டு அழுதாள். வயிற்று வலியும் கொஞ்சம் காரணமாக இருக்கலாம். நான் ரொக்கத்தை எண்ணிக் கொடுத்தபோது, மேனேஜர் ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்கினார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

மாமா திட்டக்குடியிலிருந்து திரும்பிய பிறகுதான் முழுச் சேதமும் தெரிந்தது. இருவருக்கும் ஒரே கணக்கு என்பதால் அவருடைய கார்டும் செத்துப்போயிருந்தது. கல்யாணம் முடியும்வரை லண்டன் மாப்பிள்ளை பெட்ரோலுக்கும் முடிவெட்டுவதற்கும் எங்கள் அப்பாவிடம் வந்து நின்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "பேங்க்ல வேல பாக்குறவளாச்சே, ரூல்ஸ் தெரியும்" என்று மட்டும் வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம். அத்தை மண்டபத்தில் பந்திக்குப் பந்தி இந்தக் கதையைப் பரிமாறினார்.

அன்றோடு எங்கள் குடும்பத்தில் பணம் பற்றிய சந்தேகத்தை என்னிடம் கேட்கும் வழக்கம் நின்றுபோனது. அக்காவுக்கு மட்டும் லாபம். ஜனவரியில் ஒன்று, பேங்க் தேதி என்று மேயில் ஒன்று என இரண்டு பிறந்த நாளுக்கும் மாமாவிடம் பரிசு வாங்கிக்கொள்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டனிலிருந்து போன் வந்தால் சுதாதான் ஓடிப்போய் எடுப்பாள். பிறந்த தேதி கேட்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டாள். போன வாரம் அக்காவுக்குப் பொறுமை போய், "போன குடுடி, நான் அப்ராட்லேந்து பேசுறேன்" என்று கத்தினாள்.

சுதா விடவில்லை. "எந்த அப்ராடு அண்ணி? ஒங்களுதா, எங்களுதா?"