பல் மருத்துவரின் கைப்பேசி விரதம்

"மாமா, ஒரே நிமிஷம் கொடுங்க. மணி மட்டும் பார்த்துட்டுத் திருப்பித் தந்துடறேன்."

"சுவத்துல கடிகாரம் தொங்குது, மாப்பிள்ளை" என்றார் மாமனார், அலமாரிச் சாவியை இடுப்பில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டு.

பல் மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். கைப்பேசியை ஒப்படைத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

அவருடைய மனைவி கல்லூரி ஆசிரியை. வேறோர் ஊரில் முதல்வர் பதவி தருவதாக அழைத்திருந்தார்கள். வார இறுதிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். "போகத்தான் வேணுமா?" என்று மருத்துவர் கேட்டதற்கு, "இங்க இருந்தா மட்டும் யார்கிட்ட பேசப்போறேன்? உங்க போன்கிட்டயா?" என்று பதில் வந்தது. அது நெஞ்சில் தைத்துவிட்டது.

ஆகவே ஒரு வாரத்துக்குக் கைப்பேசியைத் துறந்து, மனைவியுடன் முகம் பார்த்துப் பேசி, அவரைத் தக்கவைத்துக்கொள்வது என முடிவெடுத்தார். மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் திருந்துவது விளம்பரம் போலாகிவிடுமே என்ற கூச்சம்தான் காரணம். கைப்பேசிக்குக் காவலாக மாமனாரை அமர்த்தினார். மாமனாரோ வார்த்தைகளில் மகா சிக்கனம், பெற்ற மகளிடமே "சாப்பிட்டியாம்மா?" என்பதற்கு மேல் ஒரு சொல் செலவழிக்காதவர். "நான் கால்ல விழுந்தாலும் தரக்கூடாது மாமா" என்று மருத்துவர் கேட்டுக்கொண்டதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டார்.

அன்று மாலை மருத்துவர் நாற்காலியை மனைவியின் அருகே இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"சொல்லு. எங்க கஷ்டமா இருக்கு? எவ்வளவு நாளா இருக்கு?"

"நான் என்ன உங்க பேஷண்டா?"

"இல்லம்மா, மனசு விட்டுப் பேசு. நான் கேக்கறேன்."

"இப்படி உத்து உத்துப் பார்த்தா எப்படிங்க பேசறது? பல்லை எண்ற மாதிரி இருக்கு."

தம் தொழிலில் எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தால் பேசமாட்டார் என்பது மருத்துவருக்கு அப்போதுதான் உறைத்தது. தோல்வியோடு பால்கனிக்குப் போய் நின்றார். கட்டைவிரல் தன்பாட்டுக்கு வெறும் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது, மனைவி தம் கைப்பேசியைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். பல வருடங்களாக மருத்துவர் கண்டிராத புன்னகை அது!

மறுநாள் நடைக்கு அழைத்துச் சென்றார். பேசுவதற்கு விஷயம் கிடைக்காமல் ஈறு வீக்கத்தைப் பற்றி விளக்கத் தொடங்கினார். மனைவியோ எதையோ திரும்பத் திரும்பப் படித்துத் தமக்குள் சிரித்துக்கொண்டே வந்தார்.

"யாரு அனுப்பினது?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கறதைப் பாரு!"

அடுத்த நாள் கிளினிக்கில், வாய் நிறையப் பஞ்சோடு படுத்திருந்த ஒருவரிடமே அவர் ஆலோசனை கேட்டுவிட்டார்.

"கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு, ஒரு பெண் போனைப் பார்த்துச் சிரிச்சா என்ன சார் அர்த்தம்?"

"ஆ... ஆ..."

"அதேதான் நானும் நினைச்சேன்."

"டாக்டர், சொத்தைப் பல்லு வலது பக்கம்!" என்று நர்ஸ் அலறியதால் ஒரு நல்ல பல் பிழைத்தது.

இனிப் பொறுப்பதற்கில்லை என்று கல்லூரிக்கே புறப்பட்டார். மனைவியைப் பார்க்க வேண்டும் என்றவரை வாசலில் காவலாளி மறித்தார்.

"நீங்களே மேடமுக்கு போன் பண்ணி வரச்சொல்லுங்க."

"என்கிட்ட போன் இல்லைங்க."

"போன் இல்லையா?" காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். "இப்படி ஓரமா உக்காருங்க. எங்கயும் போயிடாதீங்க."

கம்பிகளின் ஊடே மனைவி தெரிந்தார். படிக்கட்டருகே தனியாக நின்று, கைப்பேசியைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரிப்பு போதாதென்று இப்போது அழுகையுமா?

கல்லூரி விட்டதும் வெளியே வந்த மனைவி திகைத்தார். "என்னங்க, பிடிச்சு வெச்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"உன்கூட... நேர்ல... பேசலாம்னு."

மனைவி அவர் கையை மெல்லத் தட்டினார். "நேர்ல உங்களுக்குப் பேச வராதுன்னு இப்பத்தான் புரியுது. கஷ்டப்படாதீங்க, பரவால்லை."

அதை விடைபெறும் சொல்லாகவே மருத்துவர் எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் மாமனாரின் அறைக்கு ஓடினார்.

"விரதமெல்லாம் போதும் மாமா, போனைக் கொடுங்க! உங்க பொண்ணு என்னை விட்டுட்டுப் போயிடப்போறா!"

"போகமாட்டா" என்ற மாமனார் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்டது.

வார இறுதியில், மனைவி காப்பிக் கோப்பையை நீட்டியபடியே சொன்னார்: "அந்த வேலை வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"நிஜமாவா? ஏன்?"

"இவ்வளவு பாசமா பேசற மனுஷன் இருக்கற வீட்டை விட்டுட்டு எங்கங்க போறது?"

மருத்துவருக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியானால் அந்த நாற்காலியும் நடையும் ஈறு வீக்கமும் வீண்போகவில்லை! காப்பியை மறந்து மாமனாரிடம் பாய்ந்தார்.

"மாமா, ஜெயிச்சுட்டேன்! போனை விட்டேன், பொண்டாட்டி மனசைப் பிடிச்சேன்! இப்பவாவது கொடுங்க!"

மாமனார் கைப்பேசியை இரு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டார். இரவெல்லாம் விழித்திருந்தவரைப் போல் அவர் கண்கள் சிவந்திருந்தன.

"இன்னும் ஒரு வாரம் விரதம் இருங்களேன், மாப்பிள்ளை... உங்களுக்குன்னு அவ அனுப்பறதுக்கெல்லாம் நான்தான் பதில் போட்டுட்டிருக்கேன். பெத்த பொண்ணுகிட்ட நான் மனசு விட்டுப் பேசறது இதுதான் முதல் தடவை."