மனப்பாடம் செய்த எக்ஸ்

பெருமதிப்புக்கும் அதைவிடப் பெரிய கோபத்துக்கும் உரிய மச்சானுக்கு, உன் அக்காவைக் கட்டிக்கொண்டதால் உனக்கு அத்தானாகிப்போன லிஃப்ட் மெக்கானிக் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா நலம். நான் பார்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி லிஃப்டுகளும் நலம். நான் நலமா என்பது தேர்வு முடிவு வந்தால்தான் தெரியும். உன் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. கணக்கு வாத்தியார்கள் எப்போதும் நலமாகத்தான் இருப்பார்கள், கஷ்டமெல்லாம் எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குத்தான்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் உறைக்கும்படி இன்னொரு தரம் சொல்கிறேன். எங்கள் கம்பெனி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். பழைய மெக்கானிக்குகள் எல்லாரும் எழுத்துத் தேர்வு எழுத வேண்டும், அதில் அடிப்படை இயற்கணிதம் உண்டு, முடிவைப் பொறுத்து இடமாற்றம் இருக்கும் என்று போட்டிருந்தது. நான் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும்போது ரேடியோ வந்தான். ரேடியோ என்கூட வேலை பார்க்கிறவன், காதில் விழாத செய்தியையும் ஒலிபரப்பக்கூடியவன். "அண்ணே, ஃபெயிலானவனையெல்லாம் தூக்கி வேற ஊர்ப் புதுக் கிளைல போடப் போறாங்களாம். பஸ் மாறிப் பஸ் மாறிப் போகணுமாம்" என்றான். வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் சொன்னேன். அவள் தையல் மிஷினை நிறுத்தாமலே, "போறதுன்னா நீங்க போங்க. இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் எங்க தையல் கம்பெனில என்னை சூப்பர்வைசர் ஆக்கியிருக்காங்க, அதை விட்டுட்டு என்னால வர முடியாது" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால் சண்டை போடவும் வழியில்லை. எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. அதுகூடப் பரவாயில்லை, அந்த மிஷின் சத்தமும் அவள் திட்டும் காதில் விழாமல் எனக்குத் தூக்கம் வராது மச்சான். ஆக, இந்த வயதில் இயற்கணிதம் பாஸாக வேண்டும், இல்லாவிட்டால் பெண்டாட்டி இருந்தும் தனிக்கட்டை. அந்தப் பயத்தில்தான் உன்னிடம் பாடம் கேட்டேன். நீயும் கைப்பட எழுதி அனுப்பினாய் பார், அங்கே பிடித்தது எனக்குச் சனி.

முதல் பக்கத்தில், எக்ஸோடு மூன்றைக் கூட்டினால் பத்து, ஆகவே எக்ஸ் ஏழு என்று எழுதியிருந்தாய். சரி, பெரிய மனுஷன் சொல்லிவிட்டான் என்று மனப்பாடம் செய்தேன். பல் தேய்க்கும்போது எக்ஸ் ஏழு, மோட்டாருக்குக் கிரீஸ் போடும்போது எக்ஸ் ஏழு. நான் லிஃப்டுக்குள் நின்று ஏழு ஏழு என்று முணுமுணுத்ததைக் கேட்டு ஒரு நர்ஸம்மா இரண்டாம் மாடிக்குப் போக வேண்டிய நோயாளியை ஏழாம் மாடிக்குக் கொண்டுபோய்விட்டாள், அவர் அங்கே யாரோ ஒருவரின் கட்டிலில் ஏறிப் படுத்தும் விட்டார். இவ்வளவு பாடுபட்டு மனதில் ஏற்றியதை இரண்டாம் பக்கத்தில் கவிழ்த்தாயே, எக்ஸ் ஒன்பது என்று! அச்சுப்பிழை என்று நினைத்தேன், கையெழுத்தில் ஏது அச்சுப்பிழை? உன் அக்காவிடம் காட்டி, "உன் தம்பி ஒரு பக்கத்துல ஏழுங்கறான், அடுத்த பக்கத்துல ஒன்பதுங்கறான். நம்ம கல்யாணப் பேச்சுலயும் உங்க வீட்டு ஆளுங்க இப்படித்தான் பேசினாங்க" என்றேன். அதற்கு வாங்கிய திட்டு தனிக் கடிதமாக எழுத வேண்டியது. உனக்கே ஃபோன் போட்டேன். "அத்தான், எக்ஸ்ங்கறது தெரியாத எண், கணக்குக்குக் கணக்கு மாறும்" என்றாய். "தெரியாதுன்னா அப்புறம் எப்படிய்யா அடியில விடை எழுதியிருக்கே?" என்று கேட்டேன். பெல் அடித்துவிட்டது என்று ஃபோனை வைத்தாய். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

அதற்கப்புறம் உன் அக்காவே வாத்தியாரானாள். மிஷினை ஓட்டிக்கொண்டே உன் தாள்களை மடியில் வைத்துக் கேள்வி கேட்பாள். மூன்று 'ஏ'யும் இரண்டு 'பி'யும் சேர்ந்தால் எவ்வளவு என்றாள், ஐந்து என்றேன். "ஏய்யா, மூணு ஸ்பானரும் ரெண்டு ஸ்க்ரூட்ரைவரும் கேட்டா அஞ்சு ஸ்பானரை எடுத்து நீட்டுவீங்களா?" என்றாள். அது மட்டும் சட்டென்று புரிந்தது. சமக்குறியைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் கூட்டல் கழித்தலாகிவிடும் என்று நான் ஒப்பித்தபோது, "எங்க வீட்டு வாசலைத் தாண்டி உங்க வீட்டுக்கு வந்தேனே, அந்த மாதிரி" என்று ஒரு பெருமூச்சு. தினமும் கடைசிக் கேள்வி ஒன்றுதான். "இந்தப் பக்கத்துல இருந்து எடுத்தா?" "அந்தப் பக்கத்துல இருந்தும் எடுக்கணும்." "ஏன்?" "உன் தம்பி சொல்லியிருக்கான்." "அது ஒரு காரணமா?" தூக்கத்திலும் அந்த ஏன் என்னைத் துரத்தியது.

தேர்வு அன்று கம்பெனித் தலைமை அலுவலகத்தின் மேல்மாடிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கீழே லிஃப்டில் நான் ஏறினேன், ரேடியோ ஏறினான், தேர்வு நடத்தும் அம்மா வினாத்தாள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். கதவு மூடியதும் ரேடியோ நெஞ்சை நிமிர்த்தி, "இந்த லிஃப்டைப் போன வாரம் நான்தான் மேடம் சர்வீஸ் பண்ணேன்" என்றான். சொல்லி வாய் மூடவில்லை, பெட்டி ஒரு உதறு உதறி இரண்டு மாடிக்கு நடுவே நின்றது. விளக்கு போய்ச் சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. நான் மணியை அமுக்கிப் பேசினேன், ஆள் வருகிறது என்றார்கள். ரேடியோவின் ஒலிபரப்பு அன்றுதான் முதல்முறையாக நின்றது. அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கட்டைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் கதவைப் பிளக்கப் போனாள். எனக்கு உயிரே போய்விட்டது மச்சான். நடுவில் நிற்கும் பெட்டியிலிருந்து வெளியே தாவுகிற நேரத்தில் அது நகர்ந்துவிட்டால் ஆள் மிஞ்சாது. கையைப் பிடித்து இழுத்தேன். "விடுங்க சார்! விழுந்துடும், விழுந்துடும்!" என்று கத்தினாள். என் தேர்வு எல்லாம் மறந்துபோய், இவளைப் பேசிப் பேசியே உட்கார வைக்க வேண்டும் என்ற ஒரே நினைப்புத்தான் இருந்தது.

"விழாதும்மா, நான் சொல்றதைக் கேளுங்க. மேல கப்பி இருக்கு, கயிறோட இந்தப் பக்கம் பெட்டியும் நாமளும். அந்தப் பக்கம் ஒரு இரும்பு எடை தொங்குது. பெட்டியோட எடையையும் அது தாங்கற பாரத்துல பாதியையும் சேர்த்து அதை வச்சிருப்பாங்க. ஒண்ணை ஒண்ணு பிடிச்சு நிக்குது, மிச்சத்தைப் பிரேக் பிடிச்சுக்கும்."

"எத்தனை பேர் ஏறுவாங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள், பல் கிடுகிடுக்க.

"தெரியாது. ஒரு தரம் ஒருத்தர் ஏறுவார், ஒரு தரம் கூட்டமே ஏறும். ஆனா ரெண்டு பக்கமும் சரியா நிக்கணும்னா உள்ள எவ்வளவு பாரம் வேணும்னு சொல்லிடலாம். அந்த இரும்பு எடையில பெட்டி எடையைக் கழிச்சா வந்துடும். அப்படிச் சரியா நிக்கும்போது இந்தப் பக்கம் கொஞ்சம் இறக்கினா, அந்தப் பக்கமும் அதே அளவு இறக்கணும். இல்லேன்னா ஒரு பக்கம் தூக்கிடும்."

அவள் என்னையே பார்த்தாள். "சார், இது சமன்பாடு. உள்ள ஏறின பாரம்தான் எக்ஸ்."

"அப்ப எக்ஸ் ஏழு இல்லையா?" என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டாள். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். எனக்கோ உன் அக்காவின் ஏனுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஒருவழியாக ஆள் வந்து எங்களை இறக்கினான். மிச்ச மாடியைப் படியில் ஏறிப்போய், வியர்வை காயாமலே தேர்வு எழுதினோம். முதல் கேள்வி: எக்ஸை மூன்றால் பெருக்கி நான்கைக் கூட்டினால் இருபத்தைந்து, எக்ஸ் என்ன? இரண்டு பக்கமும் நான்கை இறக்கினேன், இருபத்தொன்று. இரண்டு பக்கத்தையும் மூன்றால் வகுத்தேன். வந்தது என்ன தெரியுமா? ஏழு! பழைய மனப்பாடம் கையில் வந்து உட்கார்ந்துகொண்டதோ, என்னை மடக்கத்தான் இப்படிக் கேட்டிருக்கிறார்களோ என்று அடித்தேன், எழுதினேன், மறுபடி அடித்தேன். கடைசியில் ஏழைத் திரும்பக் கணக்குக்குள் போட்டுப் பார்த்தேன், இருபத்தைந்து சுளையாக வந்தது. பக்கத்தில் ரேடியோ எழுதாமல் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், அவனுக்குப் புதுக் கிளைதான் என்று மனது அடித்துக்கொண்டது.

பாஸாகிவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது. அதனால் உன்மேல் இருந்த கோபத்தில் பாதியை என் பக்கம் கழித்துவிட்டேன், உன் பக்கமும் அவ்வளவு கழித்துக்கொள். உன் பிள்ளைகள் கூட்டலும் பெருக்கலுமாக வாழட்டும், உன் வீட்டுப் பக்கம் கழித்தல் குறியே எட்டிப் பார்க்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் முடிவு வந்துவிட்டது. நான் பாஸ், ரேடியோ ஃபெயில். பாஸானவர்கள்தான் புதுக் கிளைக்குத் தலைமை மெக்கானிக்காகப் போக வேண்டுமாம். ஃபெயிலானவர்கள் இங்கேயே இருந்து மறுபடி படிக்க வேண்டுமாம். தாளில் முடிவைப் பொறுத்து என்றுதான் இருந்தது, எந்தப் பக்கம் என்று சொன்னது ரேடியோ. எண் எல்லாம் சரி மச்சான், குறியில் கோட்டை விட்டுவிட்டேன். உன் அக்காவிடம் சொன்னேன். மிஷின் நின்றது. "இந்தப் பக்கத்துல இருந்து எடுத்தா?" என்றாள். "அந்தப் பக்கத்துல இருந்தும் எடுக்கணும்" என்றேன். "அப்ப என் துணியையும் எடுத்து வைங்க. சூப்பர்வைசர் வேலை போனாப் போகுது, அங்கயும் ஒரு மிஷின் கிடைக்காமலா போயிடும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குத் தாங்கவில்லை. நாளை ஆபீஸுக்குப் போய், நான் எழுதிய விடை தப்பு, எக்ஸ் ஒன்பதுதான் என்று சண்டை போடப் போகிறேன். அவர்கள் நம்பும்படி அதற்கு ஒரு வழிமுறை வேண்டும். உடனே எழுதி அனுப்பு, உன்னால் முடியும்.