ஆளுக்கொரு இறுக்கு

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எழுத வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாலு பேர் சேர்ந்து பார்த்தால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது எதிரில் யாரும் இருப்பதில்லை என்ற துணிச்சலில்தான் தொடங்கியிருக்கிறேன். வாசிக்கிறவர்கள் தயவுசெய்து என்னை நிமிர்ந்து பார்க்க வேண்டாம்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு. பரந்தனில் வாகனம் திருத்தும் ஒரு கராச்சில் கையுதவிக்கு நின்றேன். அந்த நேரம் வட்டக்கச்சியில் செல்லத்துரை என்பவரின் மகள் புனிதத்தை எனக்குப் பேசினார்கள். கலியாணத் தரகர் என்னைப் பற்றிச் சொன்ன பொய்களில் மிகச் சிறியது, "பொடியன் சத்தத்தைக் கேட்டே மெசினுக்கு என்ன வருத்தமெண்டு சொல்லுவான்" என்பது. (எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சத்தம் வந்தால் ஓடுகிறது, வராவிட்டால் ஓடவில்லை.)

பெண் வீட்டார் நம்பிவிட்டார்கள். அவர்களுடைய தண்ணீர் இறைக்கும் மெசினில் கஸ்கட் எரிந்துபோயிருந்தது. எஞ்சினுக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவே வைக்கும் மெல்லிய தகடு அது. அது போனால் இடைவெளியால் காற்றுப் போகும், எஞ்சின் இழுக்காது. தோட்டத்தில் மிளகாய் பூத்து நின்றது. தண்ணீர் இல்லாவிட்டால் பூவெல்லாம் கொட்டிவிடும். "மாப்பிள்ளையே வந்து போட்டுத் தரட்டுமன்" என்று சொல்லி அனுப்பினார்கள். மிளகாய் பிழைத்தால்தான் கலியாணம் என்று யாரும் சொல்லவில்லை. தரகர் மட்டும் சொன்னார்.

போனேன். மெசின் கிணற்று விளிம்போடு ஒட்டி இருந்தது. புதுக் கஸ்கட்டை வைத்து, மெசினுக்கு மேலால் குனிந்து எட்டி, மூடியின் போல்டுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாவற்றையும் ஒரே அளவில் இறுக்கினேன். கராச்சில் அதை மட்டும் ஒழுங்காகக் கற்றிருந்தேன். அதோடு கையைத் துடைத்துக்கொண்டு வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

"இறுகிட்டுதோ தம்பி?" என்று கேட்டார் செல்லத்துரை மாமா.

"ஓம்."

"எங்கை, நானும் ஒருக்காப் பிடிச்சுப் பாப்பம். இஞ்சை தாரும்."

வருங்கால மாமனார் ஸ்பானரைக் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல என்னால் முடியுமா? கொடுத்தேன். அவர் பல்லைக் கடித்து ஒரு இறுக்கு இறுக்கினார். அடுத்து அவருடைய தமையனார், அதாவது புனிதத்தின் பெரியப்பா. "உவன் சின்னனிலையே பெலனில்லாதவன்" என்று தம்பியைத் தள்ளிவிட்டு இரண்டு கையாலும் இறுக்கினார். பிறகு தரகர். ("நான் செய்து வைக்கிற கலியாணம், என்ரை கையும் படட்டும்.") கடைசியில் மாமியும் குசினியில் சமையலை விட்டு ஈரக் கையோடு வந்து ஒன்றை இழுத்துப் பார்த்தா. கலியாண வீட்டில் தாலித் தட்டைச் சபைக்குக் கொண்டுபோய் எல்லோரையும் தொட வைப்பார்களே, அப்படி ஸ்பானர் கைமாறியது. நான் தட்டு ஏந்துகிறவன் மாதிரி நின்றேன்.

மெசின் ஓடியது. எனக்குப் பாயாசம் தந்தார்கள். மூன்றாம் நாள் ஆள் வந்தது. "கஸ்கட் திரும்பவும் போட்டுது. மாப்பிள்ளையை உடனை வரட்டாம்."

நான் போனபோது எல்லோரும் கிணற்றடியில் நின்றார்கள். மூடியைக் கழற்றினேன். காரணம் பார்த்தவுடனே தெரிந்தது. வீட்டுப் பக்கம் கஸ்கட் சப்பளிந்து கிடந்தது. கிணற்றுப் பக்கம் கறுத்து எரிந்திருந்தது. கிணற்றுப் பக்கம் நின்று இறுக்க இடமில்லை. ஒரு அடி பின்னுக்கு வைத்தால் ஆள் உள்ளே. அதனால் அத்தனை பேரும் வீட்டுப் பக்கம் நின்று, கைக்கு எட்டிய போல்டுகளையே இறுக்கியிருக்கிறார்கள். மூடி ஒரு பக்கம் அமர்ந்து மற்றப் பக்கம் எழும்பிவிட்டது.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு எஞ்சினின் வருத்தத்தைச் சரியாகக் கண்டுபிடித்திருந்தேன். வெளியே சொல்லத்தான் வழியில்லை. சொல்வதென்றால் மாமா, பெரியப்பா, தரகர், மாமி என்று ஒவ்வொருவராகக் கைகாட்ட வேண்டும்.

"கடைக்காரன் பழசைத் தந்திட்டான்" என்றார் மாமா.

"கண்ணூறு" என்றார் பெரியப்பா. "பூத்த மிளகாயைப் பாத்து எத்தினை பேர் வயிறெரிஞ்சவை."

"நீங்கள் சும்மா இருங்கோ. சத்தத்திலையே வருத்தம் பிடிக்கிற பொடியன் நிக்கிறான். அவன் சொல்லட்டுமன்" என்றார் தரகர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேலே பார்த்தேன். தென்னோலை ஆடிக்கொண்டிருந்தது.

"சோளகம்" என்றேன்.

"என்னது?"

"சோளகக் காத்து. தென்மேற்காலை ஒரே பக்கமா வீசுதெல்லே. அதுதான் கஸ்கட்டும் ஒரு பக்கம் எரிஞ்சிருக்கு."

பெரியப்பா காற்று வரும் திசையைப் பார்த்தார். மெசினைப் பார்த்தார். "நானும் அப்பிடித்தான் யோசிச்சனான்" என்றார். மாமா உடனே பின்னிய தென்னோலைக் கிடுகு கொண்டுவந்து மெசினுக்கு மறைப்புக் கட்டினார். புழுகுக்கு இவ்வளவு மரியாதை உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்த கஸ்கட்டை வைத்து, மூலைக்கு மூலை இறுக்கி முடித்து நிமிர்ந்தேன். பெரியப்பா கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் மாமா. மாமாவுக்குப் பின்னால் தரகர் சேர்ட் கையை மடித்துக்கொண்டிருந்தார்.

"தாரும் தம்பி, ஒருக்கா."

இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. கொடுக்கக் கையும் வரவில்லை. ஸ்பானரைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டேன்.

சத்தம் மேலே வந்து சேரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பெரியப்பா தரகரின் பக்கம் திரும்பினார். "பொடியனுக்குக் கை நடுக்கம் இருக்கெண்டு நீர் சொல்லேல்லையே."

தரகர் மடித்த சேர்ட் கையை இறக்கிவிட்டார். ஸ்பானருக்குப் பின்னால் கலியாணமும் கிணற்றுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது குசினி வாசலில் ஒரு சிரிப்புக் கேட்டது. புனிதத்தின் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"என்ன பிள்ளை சிரிப்பு?" என்று மாமா அதட்டினார்.

"ஒண்டுமில்லை அப்பா. சோளகம் அவற்ரை கையிலையிருந்து பறிச்சுக்கொண்டு போட்டுது போலை. நீங்கள் மெசினை நோண்டாமல் ஓட்டிப் பாருங்கோ."

ஓட்டினார்கள். ஓடியது.

பொய் சொல்லும்போது தென்னை மரத்தைப் பார்க்கிறவனோடு குடும்பம் நடத்துவது சுகம் என்று அன்றே முடிவெடுத்ததாகப் புனிதம் பிறகு சொன்னா. இப்போது எங்கள் வீட்டில் சோறு அடிப்பிடித்தால் சோளகம். மகனுக்குக் கணக்கில் புள்ளி குறைந்தாலும் சோளகம். மார்கழி மழையிலும் எங்களுக்குச் சோளகம்தான் வீசுகிறது.

ஸ்பானர் கிணற்றில் விழுந்த அடுத்த நாளும் மெசின் நன்றாக ஓடியது. மிளகாய்க்குத் தண்ணீர் போனது. பெரியப்பா பரந்தனுக்குப் போய்ப் புது ஸ்பானர் ஒன்று வாங்கி வந்தார்.