என் போன்ல கேக்குதே!

உயிரியல் புத்தகங்களில் விட்டுப்போன ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கப் போகிறேன். கொம்பு கிடையாது, வால் கிடையாது, கடிக்காது. நாம் எந்தக் குறையைக் கொண்டுபோய்ச் சொன்னாலும் முகத்தில் அனுதாபம் சொட்டச் சொட்டக் கேட்டுக்கொள்ளும், பிறகு தன் பையிலிருந்து தன் போனை எடுத்து, நம் மூக்கருகே நீட்டி, ஒரே ஒரு வாக்கியம் சொல்லும்: “என் போன்ல கேக்குதே!” அவ்வளவுதான். வழக்கு தள்ளுபடி.

இந்த இனம் எங்கும் உண்டு என்றாலும், போடிநாயக்கனூரில் அகப்பட்ட ஓர் உருப்படியைத்தான் நான் நெருங்கி ஆராய்ந்திருக்கிறேன். பெயர் ஜெகதீஷ். சென்னையில் பேன்ட் போட்டுக்கொண்டு பார்த்த மென்பொருள் வேலையை இப்போது போடியில், வீட்டு மாடியில், கைலியோடு பார்க்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு ஏதாவது நல்லது செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. யாரால் தடுக்க முடியும்?

விடிகாலையில் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகள் எப்போது கிளம்பும் என்பது அந்த ஜீப்புகளுக்கே தெரியாது. நிறைந்தால் கிளம்பும். அதற்காக ‘ஏறுங்க’ என்று ஒரு செயலி செய்தார். கிளம்புமுன் டிரைவர் தன் போனில் ஒரு பட்டனை அமுக்கினால் போதும், காத்திருப்பவர்களின் போன்கள், “ஜீப்பு கெளம்புது, வெரசா ஏறுங்க!” என்று கூவும். குரல், அவர் மனைவி பவதாரணியுடையது.

சோதனைக்கு அகப்பட்டவர்கள் இருவர். ஒருவர் ஜீப் டிரைவர் லிங்கேஸ்வரன். இன்னொருவர், சிலமலையிலிருந்து ஒரு கூட்டம் பெண்களை ஏலக்காய் எடுக்க அழைத்துப் போகும் பாண்டீஸ்வரி. அந்தக் கூட்டத்துக்கே அவர் போன்தான் போன். மலையேறும்போது வளைவுக்கு வளைவு ஜீப்பின் பாட்டுப்பெட்டியில் பாடுவதும் அதுதான். அப்படி வாய் ஓயாத போன், செயலி வந்த நாள் முதல், ஜீப் கிளம்பும் நேரம் பார்த்து ஊமையாகிவிட்டது. ஜீப் ஸ்டாண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் டீக்கடையில் இவர்கள் குளிருக்கு டீயை ஊதிக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் நின்ற ஜீப், ஏறி அமர்ந்திருந்த ராசிங்காபுரத்துப் பெண்களோடு போயே போய்விட்டது. ஒரு தடவையா? அடுத்தடுத்து. ஒவ்வொரு தடவையும் வேறு ஜீப்புக்கு அலைந்து, வெயில் ஏறியபின் போய் நின்றதில், எஸ்டேட்டின் மலையாளி சூப்பர்வைசர் விரலை ஆட்டிவிட்டார்: “இன்னொரு தடவ லேட்டானா, இனி வரண்டா!” சோறு போச்சு என்பது மலையாளத்தில் சொன்னாலும் விளங்கத்தானே செய்யும்?

பாண்டீஸ்வரி மாடியேறினார்.

“தம்பி, ஒங்க ஆப்பு பேச மாட்டேங்குதுப்பா.”

“என் போன்ல கேக்குதேக்கா!”

பிறகு தொடங்கின சடங்குகள். சத்தத்தைக் கூட்டச் சொன்னார், கூட்டித்தான் இருந்தது. அணைத்துப் போட்டார், அழித்து ஏற்றினார், போன் பழசு என்றார், கவரை உரித்தார். கடைசியில் கண் டாக்டர் மாதிரி டார்ச் அடித்து, சத்தம் வரும் ஓட்டைக்குள் குனிந்து பார்த்து, ஏலக்காய்த் தூசி அடைத்திருக்கிறது, பழைய பிரஷ்ஷால் தேயுங்கள் என்று அனுப்பிவைத்தார். மறுநாளும் ஜீப் போய்விட்டது, சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கடைசியாக ஒரு தவணை வாங்கினார்கள். மறுநாளும் பாண்டீஸ்வரி மாடியேறினார்.

“பல்லு வெளக்கி விட்டுட்டேன் அப்பு. இன்னும் வாயத் தொறக்கல.”

ஜெகதீஷ் அங்கேயே தம் போனில் டிரைவரின் பட்டனை அமுக்கிக் காட்டினார். வெட்கங்கெட்ட போன்! பாண்டீஸ்வரியின் கையிலிருந்தபடியே மாடி அதிரக் கூவியது.

“பாத்தீங்களா? பேசுதா இல்லையா? டீக்கடை எரைச்சல்ல நீங்கதான் கவனிக்கல.”

“ஜீப்பு என்ன ஒங்க மாடிக்கா வருது?”

நியாயமான கேள்வி. ஆகவே ஜெகதீஷ் தம் போனைத் துடைக்கத் தொடங்கினார். உள்ளேயிருந்து பவதாரணியின் குரல்தான் வந்தது: “விடுங்கக்கா. போனுக்குள்ள இருந்து நான் கத்துனா அவருக்கு நல்லாக் கேக்கும். அடுப்படில இருந்து கூப்புட்டா மட்டும் கேக்காது.”

பாண்டீஸ்வரி விடுவதாக இல்லை. “நாளைக்கு நீங்களும் ஸ்டாண்டுக்கு வர்றீங்க. எங்க பொழப்பு போச்சுன்னா, அத்தன பேரும் இந்த மாடியிலதான் வந்து ஒக்காருவோம்.”

வந்தார். மலைக்காற்றுக்குக் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு, ஊரையே காப்பாற்ற வந்த தோரணையில் டீக்கடை வாசலில் நின்று, சுவர் தாண்டி, ஜீப்பைக் கிளப்பிய லிங்கேஸ்வரனுக்குக் குரல் கொடுத்தார்: “பட்டன அமுக்குங்கண்ணே!”

அவர் போன் கணீரென்று கூவியது. முகத்தில் சூரியன் உதித்தது.

“பாருங்க! என் போன்ல…”

பக்கத்தில் பாண்டீஸ்வரியின் போன், கல்லாய்ச் சமைந்து கிடந்தது. பெண்கள் எல்லோரும் அவர் குல்லாவையே பார்த்தார்கள்.

“அண்ணே, சரியா அமுக்குனீங்களா? அக்கா போன்ல கேக்கலையாமே!”

சுவருக்கு மேல் லிங்கேஸ்வரனின் தலை முளைத்தது. “என்னா மாப்ளே இப்பிடிச் சொல்ற? என் ஜீப்புல கேக்குதே!”

ஜீப்பிலா?

“ஆமா, பாட்டுப்பெட்டில தெனமும் வருதே. கேக்குதுன்னுதான நான் ஹாரன் அடிக்கிறதையே விட்டேன்! என்ன, ஏறி ஒக்காந்திருக்கவுகளப் பாத்தே ஏறுங்க ஏறுங்கங்குது. முந்தாநாளு பெரியம்மாள் அத்தை பதறிப்போயி எறங்கி, மறுக்கா ஒருதரம் ஏறுனாக!”

நடந்தது இதுதான். ஜீப்பின் சாவியைத் திருகியதும் பாட்டுப்பெட்டி புளூடூத்தில் பாண்டீஸ்வரியின் போனைப் பிடித்துக்கொள்ளும். தினமும் சேர்ந்து பாடிய உறவு. நடுவில் ஒரு சுவர் வந்தால் விட்டுப்போகுமா? போன் டீக்கடையில், அதன் வாய் ஜீப்பில். வெளியே நிற்பவர்களைக் கூப்பிட வேண்டிய குரல், உள்ளே இருப்பவர்களை விடாமல் உபசரித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஜெகதீஷின் போன் மட்டும் ஏன் ஒழுங்காகப் பேசியது? அவர் ஒருநாளும் அந்த ஜீப்பில் ஏறியதே இல்லையே!

தன் மந்திரத்தைப் பிறர் வாயால் கேட்ட நம் உருப்படியின் முகம், உலர்த்தி எடுத்த ஏலக்காய் போலச் சுருங்கிற்று. “அது வந்துக்கா, சத்தம் வெளிய போற வழிய நான்…”

“வெளக்கமெல்லாம் உள்ள ஒக்காந்து சொல்லு. ஏறுங்கடி! நீயும் ஏறு அப்பு!”

அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பியது ஜீப். இரண்டு பக்கமும் தூக்குவாளிகள் விலாவில் இடிக்க, போடிமெட்டு வளைவுகள் ஒவ்வொன்றாகப் புரட்டி எடுக்க, குல்லா கழன்று மடியில் விழ, பாட்டுப்பெட்டி தலைக்குமேல் அலற, ஜெகதீஷ் ஈனமாக முனகினார்:

“அக்கா… தலை சுத்துதுக்கா. கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்களேன்.”

பாண்டீஸ்வரி முகத்தில் அனுதாபம் சொட்டச் சொட்டக் கேட்டுக்கொண்டார். பிறகு தம் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“எனக்குச் சுத்தலையே!”

ஜீப் குலுங்கியது. வளைவினால் அல்ல.

நேரத்துக்குப் போய் இறங்கினார்கள். சூப்பர்வைசரின் விரல் அன்று ஆடவில்லை. வயிற்றில் இருந்ததை ஏலச்செடிகளுக்கு உரமாக்கியபின் ஜெகதீஷ் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, பெட்டி பிடித்துக்கொண்டாலும் போன் தன் வாயாலேயே பேசும்படி செய்வதாகச் சத்தியம் செய்தார். செய்தும் விட்டார்.

சிரித்தீர்களா? சிரியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புலம்பியபோது, “எங்க வீட்ல வருதே!” என்றது யார்? வீட்டில் ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, “நானும் அதே படிலதான ஏறுறேன்?” என்றது யார்?

என்ன சொல்கிறீர்கள்? “அப்படி ஓர் ஆளை நான் பார்த்ததே இல்லையே” என்றா?

அசையாதீர்கள். அப்படியே நில்லுங்கள். என் ஆராய்ச்சிக்கு இரண்டாவது உருப்படி அகப்பட்டுவிட்டது.