எல்லாம் சீனு பண்ணினது

ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் நடந்த அத்தனை தவறுகளுக்கும் ஒரே ஒரு ஆள்தான் காரணம். அவர் பெயர் சீனு.

பம்பரில் பெயின்ட் வழிந்தால் சீனு. ஸ்க்ரூ குறைந்தால் சீனு. அவர் லீவு போட்ட நாளில் டிராலி கவிழ்ந்ததற்கும் சீனுதான். சூப்பர்வைசர் "எவன்டா இது?" என்று கத்தியதும், தெற்கிலிருந்து வந்த கான்ட்ராக்ட் பையன்கள் நாங்கள் கோரஸாக, "சீனு அண்ணன் சார்!" என்போம்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவரே அவர்தான். "நான் பர்மனென்ட்டுபா. மெமோ குடுப்பான், வாங்கினு போய்க்கினே இருப்பேன். உன்னைன்னா நாளைக்கே கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சுடுவான். என் பேரச் சொல்லு. சின்னப் பேருதானே, வாய் வலிக்கவா போவுது?"

முதல் நாள் "சீனிவாசன் சார்" என்று கூப்பிட்டுத் திட்டு வாங்கினேன். அவர் சீனிவாசனே இல்லையாம். வைத்தது தாத்தா பெயராம். மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாதே, அதனால் அம்மா அதே பெருமாளின் வேறொரு பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டாராம்.

"அப்போ நெசப் பேரு என்னண்ணே?"

"அது இன்னாத்துக்கு உனக்கு? பெத்தவளே ஒரு தபா சொன்னதில்ல."

ஒருமுறை ஒரு லாட் பம்பர் முழுக்கத் தப்பான கலரில் வெளியே போய்விட்டது. வழக்கம்போல் சீனு என்றோம். மறுவாரம் கேன்டீனில் மைக் அலறியது. "வெங்கடாசலபதி விசாரணைக்கு வரவும். அவருக்காகப் பேச விரும்புகிறவர்களும் வரலாம்."

"யாருல அது வெங்கடாசலபதி?" என்றான் பக்கத்தில் இருந்த முருகேசன்.

"ஆபீஸ்காரனா இருப்பான். நீ சாப்பிடுல."

சீனு அண்ணன் தன் அப்பளத்தை என் தட்டில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். அவரை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள் என்பது எங்களுக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

போன மாதம் பார்த்தேன். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"என் பேருதான்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அத்தன பேரும் வந்திருப்போம்லாண்ணே!"

"தெரியும்பா, அதான் சொல்லல. வந்து நெசத்த ஒளறியிருப்பீங்க. அப்பால உங்க வேலைக்கு எவன் பதில் சொல்றது? சரி ஏறு, ஷிஃப்ட்டுக்கு டைம் ஆவுதில்ல?"

கான்ட்ராக்ட் முடிந்ததென்று எங்கள் எல்லோரையும் எப்போதோ அனுப்பிவிட்டார்கள்.

"ஆமாண்ணே, லேட்டாயிட்டு" என்று ஏறி உட்கார்ந்தேன்.