படகுக்கு வாங்கிய வெள்ளை விளக்கு

அந்த வீட்டில் எதை வாங்குவது, எங்கே வைப்பது, எப்போது தூக்கிப் போடுவது என்று முடிவு செய்வது வீட்டம்மாதான். படகுக்காரர் சொந்தமாக எடுத்த கடைசி முடிவு மீசை வைப்பது. அதுவும் போன வருஷம் போய்விட்டது. எப்படிப் போனது என்று அவரிடம் கேட்காதீர்கள், பாவம்.

ஆகையால் போன வாரம் அவர் டம்ளரை ணங்கென்று மேசையில் வைத்துவிட்டுச் சொன்னதை அந்த வீட்டுச் சுவர்களே நம்பியிருக்காது.

"படகு கேபினுக்கு விளக்கு மாத்தப் போறேன். என்ன விளக்கு, என்ன கலரு, எங்க மாட்டுறது, எல்லாம் நான்தான் முடிவு பண்ணுவேன். நீ இதுல தலையிடக் கூடாது."

"சரிங்க" என்றாள் வீட்டம்மா, நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

சமையலறை பல்பு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவள் நிழலிலேயே அவள் வெங்காயம் நறுக்கி மூன்று வருஷம் ஆகிறது. மூன்று வருஷமாக வேறு விளக்கு கேட்கிறாள். அவரும் மூன்று வருஷமாக "பாக்கலாம்" என்கிறார்.

படகு விஷயம் அப்படிப் "பாக்கலாம்" என்று விடக்கூடியதல்ல. ராத்திரி மீன்பிடிக்கப் போகிற படகு. கேபின் விளக்கு செத்து ஒரு மாதம். போன தடவை இருட்டில் தடவித் தடவி, தூண்டில் முள்ளைத் தன் கட்டைவிரலிலேயே ஏற்றிக்கொண்டார். அன்றைக்கு அவர் பிடித்த ஒரே உருப்படி அதுதான். டார்ச் பிடித்து முள்ளைப் பிடுங்கிய கூட்டாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "அடுத்த தடவை விளக்கு இல்லேன்னா நான் வேற படகு பாத்துக்கறேன்." பதினோரு வருஷக் கூட்டாளி. அவர் இல்லாமல் கடலுக்குப் போவதைப் படகுக்காரரால் நினைத்துப் பார்க்கவே முடியாது. நாளை சாயங்காலம் கிளம்ப வேண்டும்.

ஒரு வாரம் தள்ளிப்போட்டவர் இன்றைக்குத்தான் கடைக்குக் கிளம்பினார். அவர் செருப்பை மாட்டும்போது வீட்டம்மா வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க, சிவப்பு விளக்கா பாத்து வாங்குங்க."

"சிவப்பா? அது என்ன படகா, போட்டோ கழுவுற ரூமா?"

"தோணுச்சு, சொன்னேன்."

"வெள்ளை. பளிச்சுனு. ஊசி விழுந்தா கண்ணுல படணும்."

"உங்க இஷ்டம்."

உண்மையில் அந்த நிமிஷம் வரை அவர் எந்தக் கலரையும் நினைத்து வைத்திருக்கவில்லை. அவள் சிவப்பு என்றதும் வெள்ளை முடிவாகிவிட்டது.

கடைக்காரர் கேட்ட மாத்திரத்தில் இரண்டு நீள விளக்குகளை எடுத்து வைத்தார். பேட்டரியிலும் எரியும், வீட்டுக் கரண்டிலும் எரியும் என்றார். "ஒரு தடவை மாட்டிட்டா திருப்பி எடுக்க மாட்டோம்ணே" என்றும் சொன்னார். படகுக்காரர் சிரித்தார். தெரிந்து வாங்குகிறவன் எதற்காகத் திருப்பப் போகிறான்?

வீட்டுக்கு வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது.

"இங்க மாட்டி சோதிச்சுட்டுதான் படகுக்குப் போகும்" என்றார்.

"அப்ப ஹால்ல மாட்டுங்க."

"ஹாலா? உனக்கு ஒண்ணும் தெரியாது. கேபின் எட்டுக்கு ஆறு. நம்ம சமையலறையும் எட்டுக்கு ஆறு. அங்கதான் மாட்டணும்."

"ஐயோ, எனக்கு வேலை கெடுமே."

"கெடட்டும்."

"அப்ப சும்மா டேப் போட்டு ஒட்டுங்க, போதும்."

"டேப்பா? அலையில ஆடும்போது தலையில விழவா? ஸ்க்ரூ போட்டு முறுக்கணும்."

"சமையலறை ஆடாதுங்க."

"சோதனைன்னா சோதனை."

ஸ்டூலில் ஏறினார். காய் நறுக்கும் மேடைக்கு நேர் மேலே கூரையில் நான்கு சின்னத் துளைகள் இருந்தன. இரண்டு விளக்கையும் வைத்துப் பார்த்தால் அளவு கச்சிதம். ஸ்க்ரூ வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது.

"பாத்தியா? டிரில்லே தேவைப்படல. எல்லாம் கைப்பழக்கம்."

"பாத்தேங்க" என்றாள், ஸ்டூலைப் பிடித்தபடி.

பழைய பல்பின் ஒயரை இழுத்து இணைத்து சுவிட்சைத் தட்டினார். அறை பகலாகிவிட்டது. மேடையில் நிழல் என்பதே இல்லை. படகுக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"எப்படி?"

"ரொம்ப நல்லாருக்குங்க. அப்படியே பின்பக்கம் இறங்கிப் பாருங்களேன், கேபின்லேர்ந்து வலை இழுக்க வர்ற மாதிரி."

இறங்கினார். உலகம் காணாமல் போயிருந்தது. முதலில் கால் ஒரு வாளிக்குள் போனது. அதை உதறுவதற்குள் ஈரமான ஏதோ ஒன்று முகத்தில் அறைந்தது.

"யாரது?" என்றார்.

"துண்டுங்க. காயப் போட்டிருக்கேன். இது எத்தனை விரல்?"

"நீ எங்க இருக்கே?"

"உங்க எதிர்லதான்."

படகுக்காரருக்கு இப்போது நிஜமாகவே பயம் வந்தது. இங்கே வாளி. அங்கே என்றால் கடல். கேபினிலிருந்து வெளியே வந்ததும் கண் இப்படி அவிந்துபோனால், கூட்டாளி அவரை வலை போட்டுத்தான் தேட வேண்டும்.

ஆனாலும் உள்ளே வரும்போது தலை நிமிர்ந்துதான் வந்தார். ஒரு கால் மட்டும் நனைந்திருந்தது.

"நான் நல்லா யோசிச்சுட்டேன். படகுக்கு வெள்ளை ஆகாது. சிவப்புதான் சரி. கண்ணு கூசாது, வெளிய வந்தா இருட்டும் பழகியே இருக்கும். இதெல்லாம் அனுபவத்துல வர்றது."

"நீங்க சொன்னா சரிதாங்க. இந்த வெள்ளையை என்ன பண்றது? கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டாரே."

"இங்கயே இருக்கட்டும். இது என் முடிவு."

"என்ன பண்றது, பொறுத்துக்கறேன்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாளைக்குக் கடை விடுமுறை. சிவப்பு விளக்குக்கு எங்கே போவது? கூட்டாளியின் முகம் கண்முன்னே வந்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"உக்காராதீங்க. அதுல ஏறி மேல் தட்டுல டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால பாருங்க. இப்பதான் நல்லா தெரியுதே."

தெரிந்தது. ஒரு பெட்டி. பெட்டிக்குள் படகு பேட்டரியில் எரியக்கூடிய இரண்டு சிவப்பு விளக்குகள், ஸ்க்ரூவோடு.

"இது எப்ப வாங்கினே?"

"போன வாரம். நான்தான் முடிவு பண்ணுவேன்னு சொன்னீங்களே, அன்னிக்கு சாயங்காலம்."

படகுக்காரர் மெதுவாகக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"அப்ப அந்த நாலு துளை?"

"அது மறுநாள். நீங்க வந்தா எந்த விளக்கு வாங்குவீங்கன்னு கடைக்காரர்கிட்ட சொல்லிட்டு, அப்படியே அளவும் எடுத்துட்டு வந்து துளை போட்டேன்."