எங்கேயோ இடிக்குது

பதினெட்டாவது நாளாக அவர் சுத்தமாக வீடு திரும்பினார்.

வேறொரு வீட்டில் இது பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் அவர் பழைய வீடுகளை இடித்துக் கொடுக்கும் காண்ட்ராக்டர். நான்கே நாளில் மாடி வீட்டை மைதானமாக்கிவிடுவார் என்பதால் தொழிலில் அவருக்குத் 'தரைமட்டம்' என்றே பெயர். திருமணமான இருபத்திரண்டு வருடமும் காதுக்குள் சுண்ணாம்பு, புருவத்தில் செங்கல் பொடி, சட்டைப் பையில் ஒரு பிடி மண் என்றுதான் வந்திருக்கிறார். பின்வாசலில் வாளித் தண்ணீரோடு காத்திருந்து, இரண்டு முறை தலையில் ஊற்றிய பிறகே, வந்தவர் தன் கணவர்தான் என்ற முடிவுக்கு அவர் மனைவி வருவாள்.

அவளை வேலையாட்கள் எல்லாரும் 'அண்ணி' என்றார்கள். நாமும் அப்படியே கூப்பிடலாம்.

அன்றும் அண்ணி வாளியோடு நின்றாள். அவரோ படிய வாரிய தலையோடு, விசில் அடித்துக்கொண்டே முன்வாசல் வழியாக உள்ளே போனார். அண்ணி வாளியோடு உள்ளே ஓடி வந்தபோது, அவர் கடந்துபோன காற்றில் ரோஜா சோப்பு மணத்தது. அண்ணி வாங்கி வைத்திருப்பது வேப்பிலை சோப்பு.

"குளிச்சிட்டா வரீங்க?"

"ம்."

"எங்கே?"

"வேலை நடக்கிற இடத்துலதான். தண்ணி நல்லா வருது."

"நாலு நாள் வேலைன்னு சொன்னீங்க. பதினெட்டு நாள் ஆச்சு."

"சில வீட்டுல அவசரப்பட முடியாதும்மா. பக்குவமாத்தான் கையாளணும்."

அண்ணி வாளியைத் தரையில் வைத்தாள். அவர் 'ம்மா' போட்டுப் பேசுவது வருடத்துக்கு இரண்டு முறை. இரண்டு முறையும் வீட்டில் ஏதாவது கண்ணாடிச் சாமான் உடைந்திருக்கும்.

மறுநாள் காலை முதல் வேலையாக, அடுத்த தெருவிலிருந்த நாத்தனாரை வரவழைத்தாள். சோப்பு, விசில், 'ம்மா' எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

நாத்தனார் யோசித்தாள். "எங்கேயோ இடிக்குதே அண்ணி!"

"இடிச்சாத்தான் நான் நிம்மதியா இருப்பேனே! உங்க அண்ணன் எங்கேயுமே இடிக்கலையே, அதான் என் கவலை!"

மதியம் சாப்பாட்டு கேரியரோடு நாத்தனாரை உளவு பார்க்க அனுப்பினாள். போனவள் கால் மணி நேரத்தில் மூச்சிரைக்கத் திரும்பினாள்.

"கதவு சாத்தியிருந்துச்சு அண்ணி. குரல் மட்டும்தான் கேட்டுச்சு."

"யார் குரல்?"

"அண்ணன் குரல்தான். 'என்ன வளைவு, என்ன வழவழப்பு'ன்னாரு."

அண்ணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம்?"

"'இத்தனை வருஷமா உன்னை யாருமே கவனிக்காம விட்டுட்டாங்களே'ன்னாரு."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"ஒண்ணுமே சொல்லலை அண்ணி. ரொம்ப அடக்கமான பொம்பளை போல."

"நீ யார் கட்சி?"

"உங்க கட்சிதான்! அதான் கேரியரைக்கூட அங்கேயே போட்டுட்டு ஓடி வந்தேன்."

"நல்ல கட்சி! இப்ப அவளுக்கு என் சமையலும் போச்சு."

அதற்கு மேல் வீட்டில் இருக்க அண்ணியால் முடியவில்லை. மறுநாள் அவளே கிளம்பினாள். இரண்டு தெரு தள்ளி, சுற்றுச்சுவர் பாதி சரிந்த அந்தப் பழைய வீட்டின் பின்பக்கம் போய், செங்கல் குவியலின் மேல் ஏறி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

உள்ளே எந்தப் பெண்ணும் இல்லை.

சங்கு போல வளைந்து ஏறிய ஒரு மரப் படிக்கட்டின் நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் எண்ணெய்க் கிண்ணம். மெல்லிய துணியால் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே, "அழகி! உன்னைப் போய் இடிக்கச் சொல்றாங்களே" என்றார். பிறகு எழுந்து போய், பச்சையும் மஞ்சளுமாக மின்னிய ஜன்னல் கண்ணாடியைப் பல் துலக்கும் பிரஷால் மூலை மூலையாகத் தேய்த்தார். தரையில் பதித்திருந்த பூப்போட்ட ஓடுகளில் கால் வைக்காமல் ஓரமாக நடந்தார்.

அண்ணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அரை நிமிடம் நின்றது. பிறகு மறுபடியும் போய்விட்டது.

இருபத்திரண்டு வருடத்தில் அவள் கன்னத்தில் ஒட்டிய மாவைக்கூட அவர் துடைத்ததில்லை. "மாவு" என்று விரலை நீட்டிக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அவளுடைய சமையலறைக் குழாய் மூன்று மாதமாக ஒழுகுகிறது. இங்கே ஒரு மாடிப்படிக்கு எண்ணெய் மசாஜ்!

"பொம்பளை இல்லைன்னு ஆயிடுச்சே, சந்தோஷப்படுங்க அண்ணி" என்றாள், அவள் திரும்பி வந்து சொன்னதைக் கேட்ட நாத்தனார்.

"பொம்பளையா இருந்தா நாளைக்கு வயசாகும், பல்லு விழும்னு மனசைத் தேத்திக்கலாம். இதுக்கு இப்பவே எண்பது வயசு. இன்னும் அழகாத்தானே இருக்கு!"

வீட்டை வீட்டால்தான் ஜெயிக்க வேண்டும் என்று அண்ணி முடிவு செய்தாள். இரண்டு நாள் இடுப்பு ஒடிய உழைத்துத் தன் வீட்டு வாசல் கதவுக்கு நீலப் பெயின்ட் அடித்தாள். புதுத் திரைச்சீலை தைத்து மாட்டினாள். படியில் பூந்தொட்டிகளை அடுக்கிவிட்டு, அவர் வரும் நேரத்தில் அவற்றின் பக்கத்தில் தானும் ஒரு பூந்தொட்டி போல நின்றாள்.

அவர் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"ஐயோ, எதுக்கும்மா இதெல்லாம்? இந்த வீட்டுக்குப் போய்..."

"இந்த வீட்டுக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல்னு இல்லை. வீண் வேலைதானே?"

"அப்போ குழாயையாவது சரி பண்ணுங்க."

"அது கிடக்கட்டும் விடு" என்றபடி அவர் கதவில் சாய்ந்தார். பெயின்ட் காயவில்லை. முதுகெல்லாம் நீலமாகத் திரும்பிப் போன கணவரைப் பார்த்தபோதுதான், பல நாள் கழித்து அவரை அழுக்காகப் பார்த்த திருப்தி அண்ணிக்குக் கிடைத்தது. ஆனால் 'வீண் வேலை' என்ற சொல் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. அந்த வீடு இருக்கும் வரை இந்த மனிதர் தனக்கில்லை என்று தோன்றிவிட்டது.

மறுநாள், அந்தப் பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட வாங்கியிருந்த கம்பெனியின் அலுவலகத்துக்கே போய் நின்றாள்.

"நான் தரைமட்டத்தோட சம்சாரம்."

மேனேஜர் எழுந்தே விட்டார். "வாங்கம்மா, வாங்க. உக்காருங்க."

"உக்கார வரலை. வீட்டை எப்ப இடிக்கப் போறீங்க?"

"நாங்க எப்பவோ ரெடிம்மா. அண்ணன்தான் இன்னிக்குச் சொல்றேன், நாளைக்குச் சொல்றேன்னு இழுத்துக்கிட்டே போறாரு."

"அவர் இழுப்பாரு. நான் சொல்றேன், நாளைக்கே இடிங்க."

மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "விஷயமெல்லாம் தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"எல்லாத்தையும் கண்ணால பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன்."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?"

"எனக்கா? குளுகுளுன்னு இருக்கும்!"

"இல்லை, பொதுவா லேடீஸ் அழுவாங்க. போன மாசம் ஒரு அம்மா தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை."

"நான் முன்னால நின்னு வேடிக்கை பார்ப்பேன். ஒரு ஜன்னல் கம்பி மிஞ்சக் கூடாது, சொல்லிட்டேன்."

"என் சர்வீஸ்ல உங்களை மாதிரி ஒருத்தரைப் பார்த்ததே இல்லைம்மா" என்று மனம் நெகிழ்ந்துபோன மேனேஜர், ஒரு காகிதத்தை நீட்டினார். "அண்ணன் போட்டுட்டாரு. உங்க கையெழுத்துதான் பாக்கி."

தன் கையெழுத்து எதற்கு என்று அண்ணிக்கு ஒரு நொடி தோன்றியது. புருஷன் முடிக்காத வேலைக்குப் பெண்டாட்டிதானே பொறுப்பு என்று அடுத்த நொடி தோன்றியது. பால் பாக்கெட்டில் தேதியை மூன்று முறை படித்துப் பார்க்கிற அண்ணி, ஒரு வரிகூடப் படிக்காமல் பேனாவை வாங்கி அழுத்திய அழுத்தில் கையெழுத்து மேஜைவிரிப்பு வரை இறங்கியது.

அன்று மாலை அவர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார்.

"நாளைக்குக் காலைல உன்னை ஓர் இடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"நானும் உங்களுக்கு ஒண்ணு காட்டணும்."

"என்னது?"

"நீங்க முதல்ல சொல்லுங்க."

"சொன்னா கோவிச்சுப்பே. நேர்ல பார்த்தா கோவிச்சுக்க மாட்டே." சொல்லிக்கொண்டே அவள் நெற்றியில் ஒட்டியிருந்த நீலப் பெயின்ட்டைத் தன் விரலால் மெதுவாகத் துடைத்தார்.

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. மேனேஜரிடம் ஓடிப் போய்க் காகிதத்தைத் திரும்ப வாங்கிவிடலாமா என்றுகூட நினைத்தாள். அப்புறம்தான் உறைத்தது: படிக்கட்டைத் துடைத்துத் துடைத்துப் பழகிய விரல் இது! மனத்தைக் கல்லாக்கிக்கொண்டாள்.

காலையில், "எட்டு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன், தயாரா இரு" என்று அவர் முன்னதாகக் கிளம்பிப் போனார். அண்ணி இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டாள். எதிரியின் கடைசிக் காட்சிக்கு ஏனோதானோ என்று போக முடியுமா? துணைக்கு நாத்தனாரும் வந்துவிட்டாள். இருவரும் வாசலுக்கு வந்தபோது தெருமுனையில் பொக்லைன் உறுமுவது கேட்டது.

"அந்த வீட்டுக்கு இந்த வழி சுத்தாச்சே அண்ணி?"

"புது டிரைவரா இருக்கும். நல்லா சத்தம் போட்டுக்கிட்டே போகட்டும்."

பொக்லைன் அசைந்து அசைந்து வந்தது. அடுத்த வீட்டைத் தாண்டியது. இவர்கள் வாசலில் நின்றது. அதன் நீண்ட இரும்புக் கை மெல்ல உயர்ந்து, பூந்தொட்டிகளுக்கு மேலாக, நீலக் கதவுக்கு நேராக வந்து நின்றது.

அண்ணி கையை ஆட்டினாள். "தம்பி! வழி தப்பிட்டே. அந்த வீடு ரெண்டு தெரு தள்ளி இருக்கு!"

டிரைவர் எஞ்சினை அணைத்தான். கையிலிருந்த காகிதத்தையும் கதவு எண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தலையை வெளியே நீட்டினான்.

"வழியெல்லாம் தப்பலை அண்ணி. அந்த வீட்டை அண்ணன் உங்க பேருக்கு வாங்கிக்கிட்டு, பதிலுக்கு இந்த வீட்டைத்தானே கம்பெனிக்குக் கொடுத்திருக்காரு. இன்னிக்கே இடிக்கணும்னு கையெழுத்துப் போட்டுட்டு, சாமானையெல்லாம் இன்னும் உள்ளேயே வெச்சிருக்கீங்களே!"